வடகம் பொரியவில்லையா, காகிதக் கிண்ணம் வெடிக்கிறதா? மொட்டைமாடி வேலைகளில் பிழை கண்டு திருத்தும் முறை

கோடை விடுமுறையில் வீட்டார் எல்லோரும் சேர்ந்து செய்ய, செலவு அதிகம் வைக்காத வேலை சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் இரண்டைத்தான் சொல்வேன். ஒன்று கூழ் வடகம். மற்றொன்று பழைய செய்தித்தாளையும் வெந்தயத்தையும் அரைத்துச் செய்யும் காகிதக் கிண்ணம். அரிசியும் ஜவ்வரிசியும் மாத மளிகையிலேயே அடங்கிவிடும். காகிதம் எடைக்குப் போட வைத்திருக்கும் கட்டிலிருந்து வரும். வெயிலுக்குக் காசு இல்லை. பாட்டியிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை வரை ஒவ்வொருவருக்கும் ஒப்புக்கு இல்லாமல் உண்மையான வேலை இருக்கிறது.

ஆனால் இரண்டுமே பொறுமையைச் சோதிப்பவை. மூன்று நாள் காய்ந்த வடகம் எண்ணெயில் விழுந்து அசையாமல் கிடக்கும்போது, நாம் எண்ணெயைக் குறை சொல்கிறோம். கிண்ணம் வெயிலில் வெடித்தால் வெயிலைக் குறை சொல்கிறோம். பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, அது உண்டான இடம் வேறொன்று. பெரும்பாலும் ஒரு படி முன்னே, தண்ணீரை அளந்த இடத்தில்தான் அது உண்டாகியிருக்கும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் முந்தைய படியைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் அளவு

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு கையில் இருக்க வேண்டும். வடகத்துக்குப் பச்சரிசி மாவு 4 கப், இரவே ஊறவைத்த ஜவ்வரிசி அரை கப், பச்சை மிளகாய் 12, கொஞ்சம் சீரகம், பெருங்காயம், உப்பு, 2 எலுமிச்சம்பழம். முறுக்கு அச்சில் பிழிவதானால் மாவு ஒரு பங்குக்குத் தண்ணீர் 3 பங்கு. கரண்டியால் ஊற்றிப் பரப்புவதானால் 6 பங்கு. புது அரிசி தண்ணீரைக் குறைவாகவும் பழைய அரிசி கூடுதலாகவும் இழுக்கும். அதனால் அரை கப் வெந்நீரை எப்போதும் அடுப்பின் ஓரம் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாற்றைக் கூழை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும்.

ஜவ்வரிசி வாங்கும்போது மாவு ஜவ்வரிசி என்று கேட்டு வாங்குங்கள். நைலான் ஜவ்வரிசி முழுதாகக் கரையாது. கூழில் மணி மணியாக நின்று அச்சின் துளையை அடைக்கும். சேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து வரும் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர் மளிகைக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் அந்த வட்டாரத்துச் சரக்குதான்.

கிண்ணத்துக்குச் செய்தித்தாள் அரைக் கிலோ, வெந்தயம் 100 கிராம். தாளை விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து ஒரு நாள் முழுதும், வெந்தயத்தை ஓர் இரவும் ஊறவைத்து, இரண்டையும் மைய அரைக்க வேண்டும். இதற்கென ஒரு பழைய மிக்ஸி ஜாரை ஒதுக்கிவிடுங்கள். அச்சுமை பட்ட ஜாரில் பிறகு சட்னி அரைக்க வேண்டாம். ஒரு கைப்பிடிக் காகிதத்துக்கு ஜார் முக்கால் பங்கு நிறையத் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் நார் கத்தியில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறும்.

வடகம் எண்ணெயில் பொரியாமல் கிடக்கிறது

எல்லோரையும் கலங்க வைப்பது இதுதான். வடகம் ஏன் பொரிகிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் தானே புலப்படும். மாவு வேகும்போது அரிசியின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து, உப்பி, குழைந்துவிடுகிறது. காயும்போது அது இறுகிய தகடாகிறது. அதற்குள் சிறிதளவு ஈரம் மட்டும் அடைபட்டு நிற்கிறது. காய்ந்த எண்ணெயில் போட்டதும் தகடு இளகுகிறது, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அதை ஊதிப் பெரிதாக்குகிறது. சில நொடிகளில் நடந்து முடியும் இந்தக் காரியத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: மாவு முழுதாக வெந்திருக்க வேண்டும், ஈரம் கொஞ்சம்தான் இருக்க வேண்டும், எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

பின்னாலிருந்து வாருங்கள். முதலில் எண்ணெய். வடகத்தின் சிறு துணுக்கைப் போடுங்கள். அது அடியில் தங்காமல் உடனே மேலே வந்து விரிந்தால் எண்ணெய் சரியாக இருக்கிறது. பல வடகங்களை ஒரே நேரத்தில் கொட்டினாலும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும், ஒன்றிரண்டாகப் போடுங்கள்.

எண்ணெய் சரி என்றால் ஒரு வடகத்தை எடுத்து உடையுங்கள். இந்த ஒரு சோதனையில் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். உடையாமல் வளைந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. தட்டில் பரப்பி மேலும் ஒரு நாள் நல்ல வெயில் காட்டுங்கள், சரியாகிவிடும். ‘படக்’கென்று உடைந்தால் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சீராக, வழவழப்பாக இருக்கிறதா? வெந்திருக்கிறது. நடுவில் சுண்ணாம்புத் தூளாக வெள்ளைக் கோடு தெரிந்து, தேய்த்தால் விரலில் மாவு ஒட்டுகிறதா? கூழ் வேகவில்லை. அதற்கு மேல் எத்தனை நாள் வெயில் காட்டினாலும் அது பொரியாது. வெயில் ஈரத்தை எடுக்கும், மாவை வேகவைக்காது.

வேகாத வடகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மிக்ஸியில் ரவையாக உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அடுத்த கூழோடு சேர்த்துக் கிளறிவிடலாம். அதில் உப்பு ஏற்கெனவே இருப்பதை நினைவில் வைத்துப் புதுக் கூழுக்கு உப்பைக் குறையுங்கள்.

அடுத்த முறை இது நேராமலிருக்க ஒரு பழைய சோதனை போதும். விரலை நீரில் நனைத்துக் கூழைத் தொடுங்கள். ஒட்டாமல் இருந்து, கூழின் மேற்பரப்பும் பளபளத்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் தீயைக் குறைத்து மூடிவைத்து மேலும் கிளறுங்கள். நான்கு கப் மாவைக் கட்டி தட்டாமல் கிளறுவது தோளை வலிக்கச் செய்யும் வேலை. அதை அம்மா ஒருவரே செய்ய வேண்டும் என்ற வழக்கம் மாற வேண்டும். தளர்ந்த கை சீக்கிரம் இறக்கிவிடும், கூழும் வேகாமல் நிற்கும். அப்பாவும் பெரிய பிள்ளைகளும் முறை வைத்துக் கிளறினால் வடகமும் நன்றாக வரும்.

அச்சில் பிழியும்போது நூல் அறுந்து அறுந்து விழுகிறது

கூழ் கெட்டிப்பட்டிருக்கிறது அல்லது ஆறிவிட்டது. ஒதுக்கிவைத்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, குறைந்த தீயில் கிளறுங்கள். பச்சைத் தண்ணீர் விட வேண்டாம், கட்டி தட்டும். மாறாக, பிழிந்தது பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கூழ் நீர்த்திருக்கிறது. அதைக் கெட்டியாக்கப் பச்சை மாவைத் தூவுவதுதான் பலரும் செய்வது. தூவிய மாவு வேகாமல் நின்று, மேலே சொன்ன பிழையில் கொண்டுபோய் விடும். அச்சை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியால் ஊற்றிவிடுங்கள். வடிவம் மாறினாலும் ருசி மாறாது.

காயும்போதே நொறுங்குகிறது

இதுவும் பெரும்பாலும் வேகாத கூழின் அடையாளம்தான். கூழ் நன்றாக வெந்தும் நொறுங்கினால் மிகவும் மெல்லியதாக ஊற்றியிருப்பீர்கள். தூளை வீணாக்காதீர்கள், பொரித்துத் தயிர்ச் சோற்றின்மேல் தூவினால் முழு வடகத்தைவிடக் குழந்தைகள் அதைத்தான் கேட்பார்கள்.

துணியை விட்டு வரவில்லை

பழைய வெள்ளை வேட்டியில் ஊற்றுவதே எனக்குப் பிடித்த முறை. வேட்டியை நனைத்து, இறுகப் பிழிந்து, சுருக்கமில்லாமல் விரித்த பிறகு ஊற்ற வேண்டும். உலர்ந்த துணியில் ஊற்றினால் கூழ் நூலிழைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டதா? இழுக்காதீர்கள். மாலையில் வேட்டியைப் புரட்டிப் போட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்து, சில நிமிடம் விடுங்கள். பிறகு ஓரத்தில் நகம் கொடுத்து மெல்ல உரித்தால் முழு வட்டமாகக் கழன்று வரும். சிறு விரல்களுக்கு இது நன்றாக வரும். உரித்தவற்றை ஈரப்பக்கம் மேலே தெரியும்படி தட்டில் அடுக்கி மறுநாள் வெயிலில் வையுங்கள்.

பிளாஸ்டிக் விரிப்பில் காய்ந்த வடகம் தானே கழன்றுவிடும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள். உணவுக்கு ஏற்ற கெட்டியான தாளாக இருக்கட்டும். தெருவில் கழற்றிய விளம்பரப் பேனரை விரித்துக் காயவைப்பதைப் பல மாடிகளில் பார்க்கிறேன். அச்சுச் சாயம் பூசிய அந்தத் தாள் உணவுக்கானது அல்ல. தயவுசெய்து வேண்டாம்.

உப்புக் கரிக்கிறது

கூழைச் சுவைத்து, சரியாக இருக்கிறது என்று உப்பிட்டிருப்பீர்கள். தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. ஆறு பங்குத் தண்ணீர் விட்ட கூழ் காய்ந்து தகடாகும்போது அதே உப்பு மிகச் சிறிய இடத்தில் செறிந்துவிடுகிறது. கூழ் நிலையில் நாக்கு உப்புப் போதவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் சரியான அளவு. கூழாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால், உப்பில்லாமல் இன்னொரு கப் மாவைத் தனியே வேகவைத்துக் கலந்துவிடலாம். காய்ந்த பிறகு வழி இல்லை. உப்பில்லாத சோற்றோடுதான் சாப்பிட வேண்டும். காரமும் இப்படியே செறியும்.

பொரித்தால் சிவந்துவிடுகிறது

எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் தீயைக் குறைத்தாலே போதும். தீ சரியாக இருந்தும் சிவந்தால், கூழுக்குப் புளித்த மோர் விட்டீர்களா என்று யோசியுங்கள். மோரில் எஞ்சியிருக்கும் பாலின் சர்க்கரை எண்ணெயில் சீக்கிரம் நிறம் மாறும். புளிப்புக்கு எலுமிச்சை விட்டால் வடகம் வெள்ளையாகவே பொரியும்.

ஊற்றி முடித்ததும் மேகம் மூடிவிட்டது

சித்திரையில் இது அடிக்கடி நடக்கும். வேட்டியோடு நான்கு மூலையையும் நால்வர் பிடித்துத் தூக்கி, மின்விசிறியின்கீழ் விரித்துவிடுங்கள். இரவு முழுதும் காற்று ஓடினால் மேற்பரப்பு வறண்டு, மறுநாள் வெயிலுக்குத் தாங்கும். மறுநாளும் வெயில் இல்லையென்றால் விசிறியையே நம்பிப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டியதுதான். அடுப்பில் கூழ் மிச்சமிருந்தால் அதை நாளைக்கு என்று எடுத்துவைக்க வேண்டாம். சூடாகக் கிண்ணத்தில் போட்டு, மேலே நல்லெண்ணெய் விட்டு, அன்றைக்கே வீட்டார் சாப்பிட்டுவிடலாம். வடகம் போடும் வீட்டில் பிறந்த யாரும் அந்தக் கூழின் ருசியை மறப்பதில்லை.

கடலோர ஊர்களில் மேகம் இல்லாமலும் இந்தத் தொல்லை உண்டு. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும். காலை எட்டு மணிக்குள் ஊற்றி முடித்து, மாலை நாலரைக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். மாடியில் கிடந்தால் பகலில் இழந்த ஈரத்தை இரவில் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

டப்பாவில் பூஞ்சை

கறுப்போ பச்சையோ இளஞ்சிவப்போ, புள்ளி தெரிந்தால் அந்த டப்பா முழுவதையும் கொட்டிவிடுங்கள். துடைத்துப் பொரித்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். தானியத்தில் வளரும் சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சமையல் சூட்டில் முழுதாக அழியாது. காரணம் ஒன்றுதான்: ‘படக்’கென்று உடையுமுன் அல்லது வெயிலின் சூடு ஆறுமுன் அடைத்திருக்கிறோம். நிழலில் ஆறவிட்டு, உலர்ந்த டின்னில் போட்டு, நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை வெயில் காட்டுங்கள்.

காகிதக் கிண்ணம் வெயிலில் வெடிக்கிறது

இனி காகிதம். இதிலும் தண்ணீர் வெளியேறும் விதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரைத்த காகிதம் காயும்போது நன்றாகச் சுருங்கும். கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்புறம் அதை அப்பியிருக்கிறீர்கள். காகிதம் உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கிறது. உலோகம் இடம் கொடுப்பதில்லை. அந்த இழுபறியில் மெல்லிய இடம் பிளக்கிறது. வெடிப்பு எப்போதும் மேலிருந்து கீழாக, நெடுக்கில் ஓடுவதைக் கவனித்தால் இது விளங்கும்.

திருத்தும் வழிகள் பல உண்டு. எளியது, பாதி காய்ந்ததும் கழற்றிவிடுவது. தொட்டால் ஈரம் தெரிகிறது, அழுத்தினால் குழி விழவில்லை என்னும் நிலையில், பாத்திரத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே போட்ட துணியைப் பிடித்து மெல்ல உருவுங்கள். மீதியை அது தனியே காயட்டும். சுருங்க இடம் இருப்பதால் வெடிக்காது. அகன்ற வாயுள்ள பாத்திரத்தின் உட்புறம் அப்புவது இன்னொரு வழி. காயக் காயச் சுவரை விட்டு விலகித் தானே கழன்றுவிடும். சிறு பிள்ளைகள் செய்வதற்கு இதையே சொல்வேன்.

எத்தனை செய்தும் வெடித்தால் நன்றாகப் பிழியாமல் அப்பியிருக்கிறீர்கள். காகிதத்தைத் துணியில் மூட்டை கட்டி முறுக்கிப் பிழிந்து, ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். நீர் சொட்டாமல், உருண்டையாகவும் நிற்க வேண்டும். முதல் நாள் உச்சிவெயிலில் வைக்காமல் நிழலில் காற்றாட வையுங்கள். வெளித்தோல் முதலில் இறுகி உட்புறம் ஈரமாக நின்றாலும் பிளவு வரும்.

ஏற்கெனவே வெடித்ததை ஒட்டலாம். எடுத்துவைத்த காகிதக் கூழோடு வெந்தய விழுதைக் கூடுதலாகக் கலந்து, வெடிப்பின் இரு ஓரத்தையும் நனைத்து, உள்ளும் புறமும் பூசுங்கள். உலர்ந்த ஓரத்தில் பூசினால் ஒட்டாது.

ஓரம் உதிர்கிறது, பஞ்சாகப் பிய்கிறது

பிடிப்பைத் தருவது வெந்தயத்தின் வழவழப்பான பிசின். அது குறைந்திருக்கும், அல்லது காகிதம் கொரகொரப்பாக அரைபட்டிருக்கும். பளபளப்பான வார இதழ்த் தாளைக் கலந்திருந்தாலும் இப்படி ஆகும். அந்தத் தாளின் பூச்சு வெள்ளைக் களிமண் போன்ற தாதுப்பொடி, அதற்கு நார்ப் பிடிப்பு கிடையாது. செய்தித்தாளே நல்லது. நம் பாட்டிமார் மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைக்க இதே காகிதத்தையும் வெந்தயத்தையும்தான் அரைத்துப் பூசினார்கள். பூசிய முறத்தில் மாவு சலித்தாலும் சிந்தாது.

வெந்தயத்துக்குப் பதில் மைதாப் பசை காய்ச்சிச் சேர்ப்பவர்களும் உண்டு. மலிவு, பிடிப்பும் நன்று. ஆனால் பூச்சி தேடி வரும். அதற்காகப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. குழந்தைகள் கை வைக்கும் வேலையில் அதைச் சேர்க்கவே கூடாது. வெந்தயத்தோடு கொஞ்சம் மஞ்சள்தூளும் வேப்பிலை விழுதும் சேர்த்தாலே இராமபாணப் பூச்சி பெரும்பாலும் அண்டாது.

நாற்றம் அடிக்கிறது

அரைத்த கூழை அன்றே அப்பாமல் வைத்திருந்தால் வெந்தயம் புளித்துப்போகும். புளிப்பு வாடை மட்டும் என்றால் நல்ல வெயிலில் காய்ந்ததும் போய்விடும். பூஞ்சை பிடித்துவிட்டால் அந்தக் கூழை எரு குழிக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக அரையுங்கள். சுவரின் கனம் சிறுவிரல் தடிமனுக்கு மேல் போனாலும் உட்புறம் காயாமல் நாறும்.

வண்ணம் மங்கலாக இருக்கிறது, கிண்ணம் நெளிகிறது

அச்சுமையின் சாம்பல் நிறம் உள்ளிருந்து தெரிவதால் எந்த வண்ணமும் அழுக்காகத் தோன்றும். முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்து, காய்ந்த பிறகு வண்ணம் தீட்டுங்கள். நெளிவது, ஒரு பக்கம் மட்டும் பூசியதால் அல்லது முழுதாகக் காயுமுன் பூசியதால். உள்ளும் புறமும் ஒரே நாளில் பூசினால் இழுப்பு சமமாகிவிடும்.

கிண்ணம் அழகாக வந்துவிட்டது, வடகத்தை அதிலேயே வைக்கலாமா?

இது பிழை ஆவதற்கு முன்பே தடுக்க வேண்டியது. வைக்கக் கூடாது. செய்தித்தாளின் மை உணவில் இறங்கும் என்பதால், அதில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இலேயே அறிவுறுத்தியது. எண்ணெயும் சூடும் சேர்ந்தால் மை இன்னும் எளிதாக இறங்கும். பொரித்த வடகத்தைச் செய்தித்தாளில் எண்ணெய் வடியவிடும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள், துளைத்தட்டு போதும். காகிதக் கிண்ணம் சாவிக்கும் சில்லறைக்கும் தையல் நூலுக்கும் இருக்கட்டும்.

குழந்தைகள் இரண்டாம் நாளே ஒதுங்கிவிடுகிறார்கள்

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காக்கை விரட்டும் வேலையை மட்டும் கொடுத்து வெயிலில் உட்காரவைத்தால் யாருக்கும் அலுத்துப்போகும். காக்கைக்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்துக் கட்டினாலே ஓரளவு போதும். பிள்ளைகளுக்கு முடிவெடுக்கும் வேலை கொடுங்கள். கூழில் உப்பு போதுமா என்று அவர்கள் நாக்கைக் கேளுங்கள். இரண்டாம் நாள் மாலை ஒரு வடகத்தை உடைத்துப் பார்த்து, நாளையும் வெயில் வேண்டுமா என்று அவர்களே சொல்லட்டும். வடகத்தைப் பெரியவர் பொரிக்கட்டும், எதைப் பொரிப்பது என்று தேர்ந்தெடுப்பது குழந்தையாக இருக்கட்டும். மாவு எத்தனை கப், தண்ணீர் எத்தனை பங்கு, எத்தனை நாள் வெயில், பொரிந்ததா இல்லையா என்று ஒரு நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அரிசி ஊறவைக்குமுன் அந்த நோட்டைத்தான் முதலில் எடுப்பீர்கள்.